பொம்மைப் பெட்டியில் வரும் லிப்ஸ்டிக் யாருக்கு?

மைக்கூடு

வணக்கம். இந்த இணைய மன்றத்தில் மைக்கூடு என்ற பெயரில் எழுதுகிறேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. போன வாரம் ஓர் ஐ ஷேடோ பெட்டி வாங்கினேன். தகர டப்பா. மூடியில் நான் சிறுவயதில் வைத்து விளையாடிய குதிரைப் பொம்மை, அதே இளஞ்சிவப்புப் பிடரியோடு. உள்ளே பன்னிரண்டு வண்ணங்கள். நடுவில் இருக்கும் பெரிய கிண்ணத்தில் பொடியை அழுத்தி அந்தக் குதிரையின் முகத்தையே அச்சாகப் பதித்திருக்கிறார்கள். இமை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. தினமும் திறந்து பார்க்கிறேன், மூடி வைக்கிறேன். தூரிகையைக் கொண்டுபோய் அந்த முகத்தில் வைக்க மனம் வரவில்லை.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். பார்த்துவிட்டு, "அக்கா, உனக்கு என்ன வயது?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கூட வந்த அவள் மகளுக்கு ஐந்து வயது. டப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பெரியம்மா, எனக்கா?" என்றாள்.

தங்கைக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டேன். குழந்தைக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்டவற்றை வாங்கும் பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

பழுப்புக்கடிதம்

தங்கை கேட்டதில் தவறில்லை. அந்தக் குதிரையை ஒரு தடவை உங்கள் பெற்றோருக்கு விற்றார்கள். இப்போது உங்களுக்கே விற்கிறார்கள். நடுவில் அவர்கள் செய்த புது வேலை என்ன? ஒரு மூடி. புதிய மொந்தையில் பழைய கள் என்பார்கள். இங்கே மொந்தையும் பழையது, கள்ளும் எந்தத் தொழிற்சாலையிலும் கிடைப்பது.

தினமும் திறந்து பார்த்து மூடி வைக்கிறேன் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் வாங்கியது ஒப்பனைப் பொருள் அல்ல. அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

கடைசிப்பெஞ்சு

நான் ஆண், முப்பத்தெட்டு வயது. ஜப்பானிய ஒப்பனை நிறுவனமான ஷு உவெமுரா 2017இல் சூப்பர் மாரியோ படம் போட்ட வரிசை ஒன்றை வெளியிட்டபோது அதில் ஒன்று வாங்கினேன். எனக்காகத்தான். பணம் வாங்கும் இடத்தில் இருந்த பெண், "பரிசுத்தாள் சுற்றித் தரட்டுமா?" என்று அன்பாகக் கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டேன். ரிப்பன் வேறு கட்டினார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எனக்கு நானே கொடுத்த பரிசை நானே பிரித்தேன்.

மைக்கூடு அவர்களே, உங்களுக்குத் தங்கை மட்டும்தான். எனக்கு ரிப்பன்.

விதிநூல்

இது புதிய வழக்கம் என்று நினைப்பவர்களுக்காகச் சில ஆண்டுகள். மேக் என்ற ஒப்பனை நிறுவனம் பார்பி பொம்மையோடு சேர்ந்து ஒரு வரிசையை வெளியிட்டது 2007இல். ஹலோ கிட்டி வரிசை 2009இல். இரண்டும் பெரியவர்களுக்கான கவுன்டரில், பெரியவர்களுக்கான விலையில் விற்றவை. 2023இல் பார்பி படம் வந்தபோது மற்ற நிறுவனங்களும் இளஞ்சிவப்பை அள்ளிப் பூசிக்கொண்டன. அவ்வளவுதான்.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை அதிகம். பார்பிக்கு முன்மாதிரி, பில்ட் லில்லி என்ற ஜெர்மன் பொம்மை. நாளிதழில் வந்த கேலிச்சித்திரப் பாத்திரம் அவள், 1955இல் பொம்மையானாள். முதலில் அவளை வாங்கியவர்கள் குழந்தைகள் அல்லர், வளர்ந்த ஆண்கள். ஸ்விட்சர்லாந்துப் பயணத்தில் அவளைப் பார்த்த மேட்டல் பொம்மை நிறுவனத்தின் ரூத் ஹேண்ட்லர், ஊர் திரும்பி அதைச் சிறுமிகளுக்கான பொம்மையாக மாற்றினார். 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி அறிமுகமானாள். ஆகவே பெரியவர்களிடமிருந்து குழந்தைகளிடம் போன ஒன்று இப்போது பெரியவர்களிடமே திரும்பி வருகிறது.

ஹலோ கிட்டியைப் பொம்மை என்று சொல்வதும் முழுச்சரி அல்ல. ஜப்பானின் சான்ரியோ நிறுவனம் 1974இல் உருவாக்கிய படம் அது. முதலில் வந்த பொருள் ஒரு சில்லறைப் பை. பொருள்களின்மேல் ஒட்டுவதற்கென்றே பிறந்த முகம். அது லிப்ஸ்டிக் மேல் ஏறியதில் எந்தத் துரோகமும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பாலி பாக்கெட். கிறிஸ் விக்ஸ் என்பவர் 1983இல் தன் மகளுக்காகச் செய்தது. எதில் செய்தார் தெரியுமா? காலியான முகப்பவுடர் டப்பாவில். அதற்குள் குட்டி வீடு, குட்டிப் பொம்மை. 1989இல் ப்ளூபேர்ட் நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. பவுடர் டப்பா பொம்மை ஆகலாம், பொம்மை பவுடர் டப்பா ஆகக்கூடாதா?

பழுப்புக்கடிதம்

//பவுடர் டப்பா பொம்மை ஆகலாம், பொம்மை பவுடர் டப்பா ஆகக்கூடாதா?//

அழகான வாக்கியம். ஆனால் அந்தத் தந்தை மகளுக்காகக் காலி டப்பாவை எடுத்தார். இங்கே நிறுவனம் நம் காலி இடத்தைத் தேடி எடுக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

அரிதாரம்

இருபது ஆண்டுகளாக மேடை ஒப்பனை செய்கிறேன். மூடியில் யார் படம் என்று நான் பார்ப்பதில்லை, பெட்டியைத் திருப்பி அடியில் படிப்பேன். இந்த வகைப் பெட்டிகள் என் கைக்கு நிறைய வந்திருக்கின்றன. அனுபவத்தில் சொல்கிறேன்.

மைக்கூடு, உங்கள் குதிரையின் முகம் தங்கமாக மின்னுகிறதா? பல பெட்டிகளில் அந்த மினுக்கம் மேலே தெளித்த மெல்லிய படலம் மட்டுமே. தூரிகை இரண்டு தடவை பட்டால் போய்விடும். அடியில் வேறு நிறம் இருக்கும், பெரும்பாலும் சாதாரணமான ஒரு வெளிர் பழுப்பு. நீங்கள் தொடத் தயங்கும் முகத்தின் கனம் ஒரு தாளின் கனம்கூட இராது. அச்சு உடையாமல் நிற்பதற்காகச் சிலர் பொடியைக் கல் மாதிரி இறுக்கிவிடுவார்கள், அப்போது தூரிகையில் நிறமே ஏறாது. சிலர் தளர்த்தி விடுவார்கள், கன்னமெல்லாம் தூளாகக் கொட்டும். நல்ல அச்சும் நல்ல பொடியும் ஒன்றாக அமைந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்று. பொம்மைப் படம் போட்ட பெட்டிகளுக்குப் பளீர் நிறங்கள்மேல் தீராத காதல். கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு. அமெரிக்காவில் நிறமிகளுக்கு உடலின் இடம்வாரியாக அனுமதி கொடுக்கிறார்கள். கன்னத்துக்குச் சரி, கண்ணருகே கூடாது என்று சில உண்டு. அதனால் அந்தக் கிண்ணங்களை மட்டும் ஐ ஷேடோ என்று சொல்லாமல் 'அழுத்திய நிறமி' என்று பெயர் சூட்டி, கண்ணருகே பயன்படுத்த வேண்டாம் என்று எறும்பு எழுத்தில் அச்சிடுவார்கள். பெட்டியின் வடிவமோ அச்சு அசல் ஐ ஷேடோ பெட்டி. இடும்பு பிடித்த வேலை இது. பொம்மைப் படம் இல்லாத பெட்டிகளிலும் இதைச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டைப்பை

உள்ளிருந்து ஒரு குரல். சில ஆண்டுகள் இப்படிப்பட்ட பெட்டிகளை வடிவமைக்கும் இடத்தில் வேலை பார்த்தேன். இடத்தின் பெயர் வேண்டாம்.

பொம்மையின் உரிமையாளர் ஒரு தடித்த கையேடு கொடுப்பார். குதிரையின் கண் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பிடரியின் இளஞ்சிவப்பு எந்த எண், எந்தக் கோணத்தில் வாலை வெட்டக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு மாதிரியும் அவர்களிடம் போய் ஒப்புதல் வாங்கி வர வேண்டும். ஒரு தடவை மூக்குத் துளை கால் மில்லிமீட்டர் பெரிதாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. மூன்று வாரம் அந்த மூக்கோடு மல்லுக்கட்டினோம். உள்ளே போகும் பொடியைப் பற்றி அந்த மூன்று வாரத்தில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பொடி ஏற்கெனவே இருந்த பொடிதான். வேறு ஒரு வரிசையில் வேறு பெயரில் விற்றுக்கொண்டிருந்ததைப் புது அச்சில் அழுத்தினோம்.

விற்கும் ஒவ்வொரு டப்பாவுக்கும் உரிமைத்தொகை போகிறது. விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை தனி. அந்தப் பணம் எங்கிருந்தோ வர வேண்டும் அல்லவா? மூடியில் குறைக்க முடியாது, அதைத்தான் வாங்குகிறார்கள். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மூக்கு சரியாக வந்த டப்பாவில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாம்மகள்

பழுப்புக்கடிதம் ஐயா, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நினைவை நமக்கே திரும்ப விற்கிறார்கள் என்பது உங்கள் கருத்து. நினைவு இருந்தவர்களுக்கு அது சரி.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொம்மை, அக்காவுடையது. அவளுக்கு வந்த பரிசு. நீண்ட தங்க முடி. எனக்கு அனுமதி முடி வாருவதற்கு மட்டும், அதுவும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. உடையை மாற்றக்கூடாது, காலணியைத் தொடவே கூடாது. அந்தக் காலணி என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒரு நாள் அதை எடுத்து வாயில் போட்டு ஒளித்து வைத்துக்கொண்டேன், அக்கா வீடு முழுக்கத் தேடினாள். ரப்பரின் சுவை இப்போதும் தெரியும்.

போன ஆண்டு அந்தப் பொம்மையின் பெயர் போட்ட லிப்ஸ்டிக் வாங்கினேன். நிறம் எனக்குப் பொருந்தவில்லை, ஒரே தடவைதான் போட்டேன். மேசைமேல் நிற்கிறது. என் பெயரில் வாங்கிய முதல் பொம்மை அது. இல்லாததைத்தான் வாங்கினேன் ஐயா. அதை எனக்கு யாரும் திரும்ப விற்க முடியாது.

கடைசிப்பெஞ்சு

அந்தக் காலணி கடைசியில் கிடைத்ததா?

இரண்டாம்மகள்

கிடைக்கவில்லை. விழுங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

பழுப்புக்கடிதம்

இரண்டாம்மகள், நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. பொதுவாகச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு, அதை முதலிலேயே ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் மைக்கூடும் என்ன வாங்கினாலும் எனக்கென்ன? அந்த ஐந்து வயதுக் குழந்தை "எனக்கா?" என்று கேட்டதே, அது. அவள் தவறாக எதையும் புரிந்துகொள்ளவில்லை. அவளுக்குத் தெரிந்த முகம் அந்த மூடியில் இருக்கிறது. தெரிந்த முகம் இருந்தால் அது நம்முடையது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அதே ஆட்கள்தான். பெரியவர்களுக்குத்தான் விற்கிறோம் என்று பெட்டியின் அடியில் எழுதிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா?

நடுநிசி

இதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

என் மகளுக்கு ஆறு வயதானபோது என்னுடைய லிப் கிளாஸ் ஒன்றை எடுத்துவிட்டாள். பொம்மைத் தலை வடிவில் மூடி, பழ மணம். நான் குளித்துவிட்டு வந்தபோது உதட்டிலும் உதட்டைச் சுற்றிலும் கன்னத்திலும் பூசியிருந்தாள். கொஞ்சம் நக்கியும் இருந்தாள். இரவுக்குள் வாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்து தடித்துவிட்டது. நான்கு நாளில் சரியானது. மணப்பொருள் ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார் மருத்துவர்.

அவளைத் திட்டினேன். "அம்மா, அது பொம்மைதானே?" என்று அழுதாள். பழ மணம், பொம்மைத் தலை, கைக்கு அடக்கமான அளவு. நான் எந்த வாயால் இல்லை என்று சொல்வது?

நிறுவனத்துக்கு எழுதினேன். இது பெரியவர்களுக்கான பொருள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று பதில் வந்தது. சட்டப்படி அவர்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். பதில் கடிதத்தின் தலைப்பிலும் அந்தப் பொம்மைதான் சிரித்துக்கொண்டிருந்தது.

விதிநூல்

நடுநிசி அவர்களே, குழந்தை நலமானதில் நிம்மதி. நீங்கள் சொன்னதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு பொம்மைப் பாதுகாப்பு விதி, 55 மணப்பொருள்களைப் பொம்மைகளில் தடை செய்தது. குழந்தைகளுக்கான ஒப்பனை விளையாட்டுப் பெட்டிகள் போன்ற ஒரு சில வகைகளில் மட்டும், எச்சரிக்கை வாசகத்தோடு, அவற்றில் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பெரியவர்களுக்கான ஒப்பனைப் பொருளுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே ஒவ்வாமை தரக்கூடிய பல மணப்பொருள்களைப் பட்டியலில் குறிப்பிட்டால் போதும். ஆக, ஒரே பொம்மையின் முகம் போட்ட இரண்டு பெட்டிகள் இரண்டு சட்டங்களின் கீழ் வரலாம். எந்தப் பெட்டி எந்தச் சட்டம் என்று ஆறு வயதுக் குழந்தை எப்படிப் பார்க்கும்?

குழந்தைகளுக்கென்றே விற்பவை எல்லாம் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2019 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், சிறுமிகளைக் குறிவைத்து விற்ற சில பவுடர், ஐ ஷேடோ வகைகளில் புற்றுநோய் தரக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாக உறுதி செய்தது. காரணம் டால்க், பவுடரில் சேர்க்கும் மென்மையான கனிமம். நிலத்தடியில் டால்க்கும் ஆஸ்பெஸ்டாஸும் பக்கத்துப் பக்கத்தில் உருவாகக்கூடியவை, தோண்டும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்துச் சோதிக்காவிட்டால் கலந்துவிடும். அந்த நாட்டில் ஒப்பனைப் பொருள்கள் பற்றிய சட்டம் 1938க்குப் பிறகு பெரிய அளவில் மாறியதே 2022இல்தான்.

அரிதாரம்

பழ மணம் பற்றி ஒரு வார்த்தை. லிப் ஸ்மேக்கர் என்ற பழ மண உதட்டுப் பூச்சு 1973இல் வந்தது. ஸ்ட்ராபெரி, எலுமிச்சை, பச்சை ஆப்பிள். நக்கினால் நன்றாக இருக்கும் என்பதே அதன் கவர்ச்சி. அதை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள்தான் இன்று பொம்மைத் தலை மூடி வாங்குகிறார்கள், என்னையும் சேர்த்து. ஆகவே ரொம்பவும் உயரத்தில் ஏறி நின்று பேச எனக்கு யோக்கியதை இல்லை.

சேர்த்து வைப்பவர்களுக்கு: பெட்டியின் பின்னால் மூடி திறந்த டப்பாப் படம் ஒன்று இருக்கும், அதில் ஓர் எண். திறந்தபின் அத்தனை மாதம் என்று பொருள். பொடி நீண்ட நாள் தாங்கும். மஸ்காராவைச் சில மாதங்களுக்கு மேல் வைத்திருக்கவே கூடாது, மூடியில் எந்த இளவரசி சிரித்தாலும் சரி. லிப்ஸ்டிக்கில் மெழுகும் பழைய எண்ணெயும் கலந்த வாடை வந்தால் அது அலமாரிக்கு மட்டும், உதட்டுக்கு அல்ல.

கடைசிப்பெஞ்சு

2017இல் வாங்கியதை இப்போது முகர்ந்து பார்த்தேன். அலமாரிக்கு மட்டும்.

சட்டைப்பை

நடுநிசி சொன்னது என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. மூடி பொம்மைத் தலையாக இருக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் நாங்களும் பேசியிருக்கிறோம். குழந்தை எடுத்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள். "அதனால்தானே தாய்மார்கள் வாங்குவார்கள்" என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பழுப்புக்கடிதம்

இதை எழுதியதற்கு நன்றி, சட்டைப்பை. இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான்.

மைக்கூடு

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஞாயிறும் தங்கை வந்தாள், குழந்தையோடு. நான் டப்பாவை மேலே வைத்துவிட்டு, அட்டை உறையை மட்டும் குழந்தையிடம் கொடுத்தேன். அதிலும் குதிரைப் படம் உண்டு. அவளுக்கு அது போதவில்லை. "உள்ளே இருந்தது எங்கே?" என்றாள். உண்மையைச் சொன்னேன்: அது பெரியவர்களின் கண்ணுக்குப் போடுவது, பெரியம்மாவுடையது, உனக்கு அரிக்கும். "அப்படியென்றால் எதற்குக் குதிரை?" என்று கேட்டாள். உங்கள் எல்லோருடைய பதிவுகளையும் படித்திருந்தும் சொல்ல ஒன்றும் வரவில்லை. "பெரியம்மாவுக்குக் குதிரை பிடிக்கும்" என்றேன். அதை உடனே ஏற்றுக்கொண்டாள். என்னிடம் வேறு என்னென்ன பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே போனாள்.

பிறகு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து டப்பாவைத் திறந்து காட்டினேன். பார்க்க மட்டும் என்று சொல்லித்தான் காட்டினேன். வாய் மூடுவதற்குள் விரலை வைத்துவிட்டாள். அரிதாரம் அக்கா சொன்னது அப்படியே நடந்தது: தங்கம் அவள் விரலோடு போய்விட்டது, அடியில் வெளிர் பழுப்பு. குதிரையின் நெற்றியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு விரல்தடம், ரேகையெல்லாம் தெரிகிறது.

கையைக் கழுவிவிட்டேன். தங்கை பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

இப்போதும் தூரிகை வைக்க மனம் வரவில்லை. ஆனால் காரணம் மாறிவிட்டது.

அரிதாரம்

வைக்க வேண்டாம். குழந்தையின் விரல் பட்ட பொடியைக் கண்ணுக்குப் போடாதீர்கள், கிருமி வரும். மூடி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கீழே போட்டால் தூளாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப்பெஞ்சு

பரிசுத்தாள் வேண்டுமானால் சொல்லுங்கள். ரிப்பனும் இருக்கிறது.